விஜயம் சேச்சியின் டச்சப்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்; வந்த சுருக்கில் போயும் விடும். ஆரியசாலையில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் முதலாளியோடு காலையில் சண்டை பிடித்தால், மத்தியானச் சோற்றுக்குள் அது மறந்துபோகும். விஜயம் சேச்சி அப்படியில்லை. அவர் கோபம் எலுமிச்சை ஊறுகாய் மாதிரி, ஜாடிக்குள் இருக்க இருக்கத்தான் பதமாகும். அப்படி ஒரு மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். மன்னிப்பதுதான் பெருந்தன்மை என்று நினைக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதைப் பற்றி எங்கள் சபையில் போதகர் ஞாயிறுதோறும் பேசுகிறார், அங்கே போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

பாளையம் பக்கம் ஒரு மாடியில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. மீடியா டிசைன் டிப்ளமோ. பகலில் வேலைக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள்தான் அதில் சேருவோம். முதல் நாள் காட்டன் புடவையும் இரட்டை மூக்குத்தியுமாக ஓர் அம்மாள் உள்ளே வந்ததும், டீச்சர் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றோம்.

“உக்காருங்கோ, உக்காருங்கோ. நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர்தான் விஜயம். வயது ஐம்பது தாண்டியிருந்தது. ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. இது தெரியாமல் பின்பெஞ்சு பிரஜின் ஒருநாள் “மாமி, பேனா இருக்கா?” என்று கேட்டுத் தொலைத்தான்.

“மாமின்னு கூப்பிட ஒரு மாமா வேணுமோல்லியோ? அவர் எங்கேன்னு காட்டு. நானும் பாக்கறேன்” என்றார் அவர். பேனாவையும் கொடுத்தார். இங்கே மலையாளத்தில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் சேச்சி.

படத்தைத் திருத்துகிற வகுப்பு வந்தால் மட்டும் சேச்சி வேறு ஆளாகிவிடுவார். நாங்கள் தேநீர் குடிக்கப் போனாலும் அவர் எழுந்திருக்க மாட்டார். ஒரு முகத்தைத் திரையில் பெரிதாக்கிவைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கத்தை எடுப்பார், மறுபடி வைப்பார், மறுபடி எடுப்பார். இந்த வயதில் இவருக்கு இதில் என்ன இவ்வளவு வெறி என்று எனக்குத் தோன்றியதுண்டு. கேட்கத்தான் பயம்.

கடைசிப் பருவத்துக்கு ரதீஷ் சார் ஒரு வேலை கொடுத்தார். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு பத்திரிகையை அடியிலிருந்து உருவாக்க வேண்டும். பெயர், அட்டை, கட்டுரை, படம், விளம்பரம் எல்லாம் நாமே செய்து, வரைவுப் பிரதி அச்சடித்து, முடிவில் கூடத்தில் கண்காட்சிக்கு வைக்க வேண்டும். என்ன பத்திரிகை என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார். ஒரு கூட்டத்துக்கு ரப்பர் விவசாயம் வந்தது, அவர்கள் அழாத குறை. எங்களுக்கு அழகுப் பத்திரிகை.

எங்களுக்கு என்றால் நான், விஜயம் சேச்சி, பேரூர்க்கடைக்காரி ஆர்ஷா. ஆர்ஷாவிடம் நல்ல கேமரா இருந்தது. நான் பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள், எழுத வரும். பக்கம் அமைப்பதும் படங்களைத் திருத்துவதும் சேச்சி. தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோல விளங்கட்டும் என்று பத்திரிகைக்கு ‘மினுக்கம்’ என்று பெயர் வைத்தோம். தாள்களை நடுவில் மடித்து நூலால் தைத்து ஒரு டம்மி செய்து, எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று அதில் பென்சிலால் கட்டம் போட்டோம். இங்கே உதட்டுச்சாயம், இங்கே தேங்காயெண்ணெய், இங்கே நாங்களே கற்பனை செய்த ஒரு சோப்பு விளம்பரம். கட்டுரை எழுதி முடிக்காத இடங்களில் ‘எழுத்து வரும் எழுத்து வரும்’ என்று நான் பத்தி பத்தியாக நிரப்பிவைத்தேன். சேச்சிக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். “வராத விருந்தாளிக்கு இலை போட்டு வெச்சிருக்கியேடி” என்பார்.

முதல் வரைவை எடுத்துக்கொண்டு போனோம். அட்டையில் ஆர்ஷாவின் தோழி ஒருத்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்த அட்டையை நான் எல்லா பியூட்டி பார்லர் சுவரிலும் பார்த்திருக்கேன்” என்றார் ரதீஷ் சார். உள்ளே புரட்டினார். “எல்லாருக்கும் இருபது வயசு. இந்த ஊரில் இருபது வயசுக்காரர்கள் மட்டும்தான் கண்ணாடி பார்க்கிறார்களா? ஐம்பது தாண்டின ஒரு ஆணைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். நடுப்பக்கம் அவருக்கு. இல்லையென்றால் பாதி மார்க்தான்.”

வெளியே வந்ததும் ஆர்ஷா தன் அப்பாவைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். அவள் அப்பாவுக்கு போட்டோ என்றாலே வேர்க்கும். அப்போதுதான் சேச்சி சொன்னார்: “எனக்கு ஒருத்தனைத் தெரியும். தினம் எங்க குளத்தைச் சுத்தி நடக்கறான். முடிக்குக் கன்னங்கரேல்னு அடிச்சுண்டு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். தெருநாயைக்கூட ‘போங்கோ’ என்று விரட்டுகிறவர் அவர். அவர் வாயில் ‘நடக்கறான்’ வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மோர்க்குழம்பும் வாழைக்காய் வறுவலும் போட்டுவிட்டு, கை கழுவியதும் கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னார். அந்த ஆளின் பெயர் ஆனந்தகிருஷ்ணன். மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. இனி அவன் என்றே எழுதுகிறேன்.

சேச்சிக்கு இருபத்துமூன்று வயதில் அவன் இதே வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தான். பேங்க் ஆபீஸர். அம்மா, அப்பா, கல்யாணமான அக்கா எல்லாரும் கூட வந்தார்கள். வழக்கம்போல சொஜ்ஜி, பஜ்ஜி. சேச்சி பாடினார். நடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுவந்தார். நிறம் பார்க்க ஜன்னல் பக்கம் வரச் சொன்னார்கள், போய் நின்றார். அப்போது அவன் வாயில் பஜ்ஜியோடு தன் அம்மாவிடம், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: “போட்டோல வேற மாதிரின்னா இருந்தா? டச்சப் பண்ணி அனுப்பியிருக்கா.”

எல்லாரும் சிரித்தார்கள். சேச்சியின் அப்பா வெங்கடசுப்ரமணியன் மட்டும் சிரிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பேச்சு நாலு தெருவுக்கும் போய்விட்டது. பெண்ணின் படத்தைத் திருத்தி அனுப்பி ஏமாற்றப் பார்த்த வீடு. அதற்குப் பிறகு வரன் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி ‘போட்டோ ஒரிஜினல்தானே?’ என்பதாக இருந்தது. பிறகு யாரும் வரவில்லை. தெருப் பிள்ளைகள் ‘டச்சப் விஜயம்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள், பெயர் இன்னும் போகவில்லை.

“படத்த அப்படிச் செய்யதுக்கு நீங்க சொன்னியளா சேச்சி?” என்று கேட்டேன்.

“நான் என்னத்தைக் கண்டேன்? கல்யாணத்துக்குப் போட்டோன்னு சொன்னா, ஸ்டூடியோக்காரன் தானே பண்ணிடுவான். அந்தக் காலத்துல எல்லாப் பொண்ணுக்கும் அப்படித்தான். அவன் ஆத்துப் பொண்களுக்கும் அப்படித்தான் பண்ணியிருப்பா.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வேண்டாம்னுட்டுப் போயிருந்தா நான் அன்னிக்கே மறந்திருப்பேன். வேண்டாம்னு சொல்றது அவன் இஷ்டம். எனக்குத் திருட்டுப்பட்டம் கட்டிட்டுப் போனான் பாரு, அதுதான் ஆறலை. எங்கப்பா சாகற வரைக்கும் ‘அந்த ஸ்டூடியோவுக்கு உன்னை நான் அழைச்சுண்டு போயிருக்கப்படாது’ன்னு பொலம்பிண்டே போனார்.”

டிப்ளமோவில் அவர் சேர்ந்ததே அதற்காகத்தானாம். அந்தப் படத்தை ஸ்கேன் செய்து, தன் முகத்தில் அந்த ஸ்டூடியோக்காரன் என்னதான் செய்தான் என்று பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துவிட்டார். உதட்டுக்குக் கீழே இருந்த மச்சத்தை அழித்திருந்தான். பல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மூக்கை மெலிதாக்கியிருந்தான். அதைச் சொல்லும்போது அவர் விரல் தானாக மச்சத்தைத் தொட்டது.

ஆனந்தகிருஷ்ணன் அப்புறம் வேறு ஊரில் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, வி.ஆர்.எஸ். வாங்கி, பெண்டாட்டியும் செத்துப்போய், போன வருஷம் ஸ்ரீவராகத்திலேயே ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான்.

“முதல் நாள் குளத்தங்கரையில எதிர்க்க வரான். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அவன் என்னைப் பாத்து ‘குட்மார்னிங் மாமி’ங்கறான்” என்றார் சேச்சி.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “சேச்சி, அவனுக்க மூஞ்சிய நல்லா குளோசப்புல எடுப்போம். ஒரு சுருக்கம் விடாம, மூக்கு முடி உட்பட. நடுப்பக்கத்துல போட்டு நாறடிப்போம்.”

“சீ, அசடே. அப்படிப் பண்ணினா நாம கெட்டவா, அவன் பாவம்னு ஆயிடும்” என்றார் சேச்சி. “அவன் மறுபடி கல்யாணத்துக்குப் பொண்ணு தேடிண்டிருக்கான். குளத்துப் படிக்கட்டுல உக்காந்து போன்ல போட்டோ தள்ளிண்டிருப்பான், நானே பாத்தேன். அதனால நம்ம படத்துல அவன் நன்னா இருக்கணும். எவ்வளவு நன்னான்னா, நேர்ல போய் நின்னா ஒருத்தரும் அவனை நம்பப்படாது.”

ஆர்ஷாவுக்குத் தமிழ் முழுதாகப் பிடிபடாது, ஆனால் இது பிடிபட்டது. “அடிபொளி” என்றாள், பிரமாதம் என்கிற மாதிரி.

பத்திரிகை என்றதும் அவன் ஒரே பேச்சில் சம்மதித்தான். வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று சொல்லி, சேச்சி அவனைத் தன் வீட்டுக்கே வரவழைத்தார். பட்டு ஜிப்பா, சென்ட், விரலில் நவரத்தின மோதிரம். கூடத்தில் பாய் விரித்திருந்தது. தட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஆர்ஷா அவனை ஜன்னல் பக்கம் நிற்கவைத்தாள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். நான் நோட்டும் பேனாவுமாக, “சார், அந்தக் கதவு வரைக்கும் நடந்து வாங்க, நடை எப்படின்னு பாக்கணும்” என்றேன். நடந்தான். “திரும்பி இன்னொரு தடவை.” நடந்தான். “பாடுவீங்களோ சார்?” என்று கேட்டேன், சும்மா ஒரு கொழுப்பில்தான். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடவே ஆரம்பித்துவிட்டான். சுருதி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நானும் ஆர்ஷாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். சேச்சி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, கத்திரிக்காய் சொத்தையா நல்லதா என்று பார்ப்பதுபோல அவனை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பஜ்ஜி பிரமாதம், மாமி” என்றான் அவன்.

“இன்னும் ரெண்டு போட்டுக்கோங்கோ” என்றார் சேச்சி.

பிறகு படத்தைத் திருத்துகிற வேலை. முதலில் சேச்சி அதிகம் கை வைக்கவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த பையை மட்டும் லேசாகக் குறைத்து, பக்கத்தில் பொருத்தி, அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். இதுதான் நான் அவரிடம் பார்த்த சாமர்த்தியம். அவராக எதையும் திணிக்கவில்லை. அவனையே கேட்கவைத்தார்.

அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். “இந்தத் தாடைக்குக் கீழே கொஞ்சம் தொங்கறாப்பல இருக்கே. அன்னிக்கு வெளிச்சம் சரியில்லையோ?”

“இருக்கலாம். எடுத்துடட்டுமா?”

“எடுத்துடுங்கோ. நெத்தியும் கொஞ்சம் ஏறியிருக்கு.”

“முடியைக் கீழே இறக்கிடலாம்.”

இப்படியே அவன் வர வர, படம் இளைத்துக்கொண்டே போனது. தொப்பை போனது. பல் வெளுத்தது. கழுத்துச் சுருக்கம் மாயமாய் மறைந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் “இது நேச்சுரலா இருக்கில்லியா?” என்று கேட்பான். “உங்களை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு” என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பொய் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ரதீஷ் சார் இரண்டாவது வரைவைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “இது மனுஷனா, ஜவுளிக்கடை வாசல் பொம்மையா? ஐம்பது தாண்டினவரைத்தானே கேட்டேன்? இப்படியே போட்டால் இந்தப் பக்கத்துக்கு மார்க் போடமாட்டேன்.”

“குறைச்சுக்கோங்கோ சார். பக்கம் மட்டும் இப்படியே இருக்கட்டும்” என்றார் சேச்சி. பகலெல்லாம் ஆபீஸில் உழைத்துவிட்டு வந்தும், ஒரு மார்க்கைக்கூட விட மனசில்லாத மனுஷி. சார் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் ஆர்ஷாவும் சரியென்று தலையை ஆட்டினோம். எங்கள் மார்க்கும் அதில்தான் போயிற்று, போகட்டும்.

நடுப்பக்கத்துக்குக் கட்டுரை நான் எழுதினேன். தலைப்பு, ‘ஐம்பத்தாறில் ஒரு முப்பத்தெட்டு’. அவன் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு மகிழ்ந்தான். பிறகு சற்று நெளிந்துகொண்டு சேச்சியிடம் கேட்டான்: “மாமி, இந்தப் பக்கத்தை ஒருத்தருக்கு அனுப்பலாமோ? நாகர்கோவில்ல ஒரு டீச்சர். அவாளுக்கும் ரெண்டாவதுதான். ஃபோன்ல பேசியிருக்கோம், இன்னும் பாக்கலை.”

“தாராளமா அனுப்புங்கோ. ஏன், கண்காட்சிக்கே வரச் சொல்லுங்கோளேன். முதல்முதலா பாக்கறச்சே நாலு பேர் நடுவுல, கௌரவமா இருக்கும்” என்றார் சேச்சி.

அவன் முகம் மலர்ந்தது.

கண்காட்சி அன்று கூடம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு குழுவும் தன் பத்திரிகையை மேசையில் பரப்பி, பிடித்த பக்கத்தைப் பெரிதாக அச்சடித்துப் பின்னால் நிறுத்த வேண்டும். நாங்கள் நடுப்பக்கத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்திருந்தோம். நாகர்கோவில் டீச்சர் தன் தம்பியோடு வந்தார். நரைத்த முடியை மறைக்காமல் கொண்டை போட்டு, எளிமையாக, நல்ல களையான அம்மாள். நேராக வந்து அந்தப் படத்தின் முன்னால் நின்றார். அவர் முகத்தில் ஒரு சின்ன வெட்கம்கூட வந்தது.

ஆனந்தகிருஷ்ணன் அந்தப் பக்கமிருந்து வேகமாக வந்து படத்துக்குப் பக்கத்தில் நின்று கைகூப்பினான். “வாங்கோ, வாங்கோ.”

டீச்சர் பதிலுக்குக் கைகூப்பினார். “நமஸ்காரம். நீங்க அவரோட அண்ணாவா? அவர் வரலையா?”

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். அதனால்தான் அது அப்படி இறங்கியது. ரப்பர் விவசாயக்காரர்கள் மேசையிலிருந்து பிரஜின் களுக்கென்று சிரித்தான், அப்புறம் எல்லாரும்.

“நான்... நான்தான் அது” என்றான் அவன்.

டீச்சர் படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். வெட்கம் போய் முகம் கல்லாகிவிட்டது. “ஐம்பத்தாறு வயசுக்காரரா வந்து நின்னிருந்தா, உக்காந்து பேசியிருப்பேன். எனக்கும் வயசாச்சு. ஆனா முதல் விஷயத்துலயே ஏமாத்தறவரோட நான் எப்படிக் குடித்தனம் பண்றது?” என்றார்.

“நான் ஒண்ணும் கேக்கலை. இவாதான் டச்சப் பண்ணிட்டா. எனக்கு ஒண்ணுமே தெரியாது” என்று அவன் சேச்சியைக் கை காட்டினான்.

யாரும் நம்பவில்லை. டீச்சரின் தம்பி “வா அக்கா, போலாம்” என்று கூட்டிக்கொண்டு போனார். சேச்சி அவர்கள் பின்னாலேயே படி வரைக்கும் போய், அந்த டீச்சரின் கையைப் பிடித்து என்னவோ சொல்லிவிட்டு வந்தார். மன்னிப்புத்தான் கேட்டிருப்பார், பாவம் அந்த அம்மாள் என்ன செய்தார். அவன் எப்போது கூடத்தை விட்டுப் போனான் என்று நான் பார்க்கவில்லை. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று சொல்லிச் சொல்லி நான் துள்ளிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். சேச்சிக்குச் சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

“அவனுக்குத் தெரியலையே, ஜெபா” என்றார் கிழக்கே கோட்டை தாண்டும்போது.

“என்ன தெரியல்ல?”

“அடி விழுந்தது. எதுக்கு விழுந்ததுன்னு தெரியலை. யாரோ ஒரு மாமி போட்டோவைக் கெடுத்துட்டான்னு நெனச்சுண்டு தூங்குவான். இதுக்கா இத்தனை வருஷம் நான் வெச்சுண்டிருந்தேன்?” அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவனை நாங்கள் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதம் போயிருக்கும். சார் சொன்ன பிழைகளைத் திருத்திக் கடைசிப் பிரதி அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் ஒரு மத்தியானம் சேச்சி வீட்டில் இருந்தேன். வாசலில் அவன் நின்றான். கூடவே அவன் அக்கா, கையில் தட்டு, தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கு.

சேச்சி உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். அவன் இந்தத் தடவை மாமி என்று கூப்பிடவில்லை.

“நடந்ததெல்லாம் போகட்டும், விஜயம். உங்க பேர்ல எனக்கு ஒண்ணும் கோபம் இல்லை” என்று பெரிய மனது பண்ணி ஆரம்பித்தான். “இந்த வயசுல அழகெல்லாம் என்ன வேண்டிக்கிடக்கு? ஒருத்தருக்கொருத்தர் துணை. நீங்களும் தனி, நானும் தனி. கைமணமும் நன்னா இருக்கு. நமக்குள்ள ஏன் பண்ணிக்கப்படாது?”

என் கையில் லேப்டாப் இல்லாமல் இருந்திருந்தால் எதையாவது எடுத்து வீசியிருப்பேன்.

அவன் அக்கா அதற்குள் கூடத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள். “இந்த ஆம் சொந்தம்தானே?” என்று வீட்டைக் காட்டிக் கேட்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள், உத்தரத்தைப் பார்த்தாள். “ஏண்டா, இந்த ஆத்துக்கு நாம முன்னாடி எப்பவோ வந்திருக்கோமோ?”

“வந்திருக்கேள்” என்றார் சேச்சி. “இவருக்குப் பொண்ணு பாக்க. நான்தான் பொண்ணு. அந்த ஜன்னல் பக்கம் நிக்கச் சொன்னேள். என் போட்டோ டச்சப் பண்ணினதுன்னு இவர் சொன்னார். நீங்கள்லாம் சிரிச்சேள்.”

அக்காவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. வந்தது அவள் முகத்தில் தெரிந்தது. கையிலிருந்த காபி டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள். சேச்சி அவளைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் யோசித்தான். நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தான். பிறகு சிரித்தான். “அப்படியா? அப்போ எத்தனையோ இடத்துக்குப் போனோம். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? அந்த வயசுல ஏதாவது வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அதையெல்லாமா மனசுல வெச்சுண்டிருக்கேள்?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை மென்று துப்பிவிட்டு, துப்பின இடம்கூட ஞாபகமில்லை என்கிறான். சேச்சி உடைந்துபோவார் என்று பயந்தேன். அவர் உடையவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் அக்காவும் எழுந்துவிட்டாள்.

“ரொம்ப சந்தோஷம். வந்ததுக்கும் சந்தோஷம்” என்றார் சேச்சி, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பேசுகிற அதே நிதானக் குரலில். “லெட்டர் போடறோம்.”

பெண் பார்க்க வந்தவர்கள் ‘உங்கள் பெண் எங்களுக்கு வேண்டாம்’ என்பதை இந்த வார்த்தையில்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் தபால்காரனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போவார்கள், லெட்டர் வராது. எத்தனை கூடங்களில் அவன் வீட்டார் அதைச் சொல்லிவிட்டு இறங்கியிருப்பார்களோ. அதனால் அவனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சிரிப்பு அப்படியே நின்றது. காதுமடல் இரண்டும் செக்கச்செவேலென்று சிவந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தான், அக்கா அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். செருப்பை மாட்டக்கூட நேரம் கொடுக்காமல் அவனைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினாள். கொண்டுவந்த தட்டு பாயிலேயே கிடந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் திரும்பி உள்ளே வந்ததும் சேச்சி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவர் முகம், நான் அவரை அறிந்த நாளாகப் பார்த்திராத முகமாக இருந்தது.

“ஞாபகம் இல்லைன்னான் பாத்தியா, ஜெபா?” என்றார். “இனிமே சாகற வரைக்கும் மறக்கமாட்டான்.”